கத்துகிறவருக்கே லைன்

ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியபடி, ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒரு குழாய் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே லாசர் அண்ணாச்சி ஏணியைப் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஒரு கை ஏணியில், மறு கை லோடுமேன்களுக்கு உத்தரவு போடுவதில், வாய் எனக்கு யோசனை சொல்வதில். அவர் கையை வீசும்போதெல்லாம் ஏணியும் கூடவே ஆடியது.

“தங்கச்சி, போன் செட்டு கோளாறுன்னு கூப்பிட்டா நீ ஏணியில ஏறி நிக்க. கோளாறு எங்கன இருக்கு, நீ எங்கன இருக்க?”

ஸ்க்ரூவைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னேன்: “செட்டுல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. கோளாறு ஒங்க வாயில இருக்கு. அதைக் கழட்டிப் பாக்க எங்கிட்ட டூல்ஸ் இல்ல.”

ஐஸ் பார் தூக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணாச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏணி மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடியது.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணப் பேர் கொடுக்க மாதா கோயில் ஆபீசுக்குப் போவதாக இருந்தது. அந்த மகளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்பது, அவரைத் தவிர, அந்த வளாகத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குக்கூட.

இந்தக் காலத்தில் யாருக்கம்மா மேசை போன்?

தொலைபேசித் துறை வேலையை விருப்ப ஓய்வில் உதறிவிட்டு, தூத்துக்குடியில் இன்டர்காம், போன் செட் சர்வீஸ் கடை போட்ட கூத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், “இந்தக் காலத்தில் யாருக்கம்மா மேசை போன்? உங்கள் கடையில் ஈ ஓட்டுகிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார்.

ஈயும் ஓட்டுவேன், மறுக்கவில்லை. ஆனால் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வந்து பாருங்கள். தகரச் சுவருக்குள் செல்போன் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். கையெல்லாம் உப்புத் தண்ணீர், மீன் செதில். அந்தக் கையால் கண்ணாடியைத் தடவினால் அது எந்தப் பக்கமும் நகராது.

லாசர் அண்ணாச்சி செல்போன் வைத்திருந்தவர்தான். ஒன்று ஐஸ் தொட்டியில் விழுந்தது. அடுத்தது ஐஸ் பாருக்குள்ளேயே உறைந்து, யாருடைய போட்டிலோ ஏறி ஆழ்கடலுக்குப் போய்விட்டது. அத்தோடு கும்பிடு போட்டுவிட்டு மேசை போனுக்கு மாறினார். ஸ்பீக்கர் வைத்த செட். மணி அடித்தால் முழங்கையால் பட்டனை ஓர் இடி இடித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கத்துவார்.

ரிசீவரை அவர் தொட்டதே கிடையாது. அதன் வயரை எலி கடித்து வெகுநாளாகிறது, மாற்றவும் இல்லை. கேட்டால் ஒரு தத்துவம் வைத்திருந்தார். “காதுல வச்சுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுதவன் எவனும் யோக்கியன் இல்ல.”

இப்படிப்பட்ட தத்துவங்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

பிலோமி மதினியின் அழுகை

நான் ஏணியில் ஏறியதற்கு முந்தின நாள் காலை, கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். குனிந்து உள்ளே வந்தார் பிலோமி மதினி, அண்ணாச்சியின் மனைவி. வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“ஏளா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் போனை வந்து பாரு. இல்லைனா எங்க வீட்டுல கொலை விழும்.”

விஷயம் இதுதான். மகள் மெர்லின் கேரளாவில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் குளிர்பதனக் கிடங்கில் இன்ஜினியர். அண்ணாச்சியின் அக்கா ஒரு கப்பல்கார மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை பேர் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசித்துவிடுவார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஊரறியச் சொல்வதுதான் ஓலை. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அது சொந்தபந்தம் இரண்டாகிற சண்டை.

“மெர்லின் வேண்டாங்காளா?”

“ஆமா. மூணு வாரமாச் சொல்லுதா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நம்ம ஐஸ் கம்பெனிக்குப் போன் போடுவா. அப்பாகிட்ட தெளிவாச் சொல்லிட்டேங்கா. அவிய காதுலயே வாங்காம, மண்டபம், சமையல்னு பேசிக்கிட்டே போறாவளாம்.”

“அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?”

“அவ ஒரு வார்த்தை சொல்லலைங்காவ! நான் பேசினேன், பிள்ளை அமைதியாக் கேட்டுக்கிட்டா, அவளுக்குச் சம்மதம்ங்காவ. நான் எடுத்துச் சொன்னா, எங்க அக்கா கொண்டாந்த மாப்பிள்ளைன்னு ஒனக்கு வயித்தெரிச்சல், நீயாக் கதை கட்டுதன்னு என்னையப் பாயுதாவ. என் காதுல விழுந்தாத்தான் நம்புவேன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. என் செல்போனைக் குடுத்தா, அதைக் காதுல வைக்கவே மாட்டேங்காவ.”

மதினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அவ சொன்னேங்கா. இவிய சொல்லலைங்காவ. யாரு பொய் சொல்லுதா? இல்ல, எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சா? சொல்லியும் கேக்காத மனுசன்கிட்ட இனி என்ன பேச்சுன்னு அவ போன் போடுததையே நிறுத்திட்டா. வேலை பாக்குத எடத்துல லீவும் குடுக்க மாட்டேங்கான். சனிக்கிழமை வந்துருச்சுன்னா என் பிள்ளை கதை முடிஞ்சுது.”

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. காரணம் எங்கள் வீட்டு ஜெபம்.

நாசரேத்திலிருந்து ஒரு ஜெபம்

என் அப்பா எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். போன் வந்தால்கூட எழுந்து நின்று பேசுவார். கடைசிக் காலத்தில் யாரோ ஸ்பீக்கர் போன் ஒன்றை அவருக்குப் பரிசளித்துத் தொலைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபம் நாசரேத்திலிருந்து போனில் நடந்தது.

அப்பா ஜெபம் பண்ணும்வரை தொந்தரவில்லை. பாட்டு என்று வந்ததும்தான் வினை. அவர் அங்கே பாட, நாங்கள் இங்கே பாட, அவருக்கு எங்கள் பாட்டில் ஒரு துண்டும் எங்களுக்கு அவர் பாட்டில் ஒரு துண்டும் கேட்கும். “பாதிப் பாட்டை முழுங்குதீங்க, பக்தி குறைஞ்சுபோச்சு” என்று அப்பா வைவார். நாங்கள் தொண்டை கிழியப் பாடினோம். அப்போது அவர் பாட்டு சுத்தமாக நின்றுபோனது. என் தங்கை பயந்துபோய், “அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்பீக்கர் போனில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே டப்பாவில் குடியிருக்கின்றன. ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தை மைக் பிடித்துத் திரும்ப லைனில் விட்டால், அது சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டினால் ‘கூ’ என்று ஒன்று கிளம்புமே, அதேதான்.

அதைத் தடுக்க உள்ளே ஒரு சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரில் யார் சத்தம் ஓங்குகிறதோ, அவர் பக்கத்து வாசலைத் திறந்துவிட்டு மற்றவர் வாசலைச் சாத்திவிடும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க என்று மாறி மாறிப் பேசினால் பிரச்சினையே இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

இதில் மோசமான சங்கதி ஒன்று உண்டு. வாசல் சாத்தப்பட்டவருக்கு அது சாத்தப்பட்டது தெரியாது. அவருக்கு எதிராளியின் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டே இருக்கும். தன் பேச்சும் போய்ச் சேருகிறது என்றே நம்பிப் பேசிக்கொண்டிருப்பார்.

மெர்லின் மூன்று வாரமாகச் சொன்னதும் உண்மை. அண்ணாச்சி காதில் ஒரு வார்த்தை விழாததும் உண்மை. மதினி கிறுக்கும் இல்லை.

பல்லில் அடித்த மணி

ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் செட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசி வரை திருகி, அதன்மேல் பசையை ஊற்றி ஒட்டிவைத்திருந்தார் மனிதர்.

“இதை ஏன் ஒட்டினிய?”

“மணி கேக்கணும்லா தங்கச்சி. ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுதப்ப மணி அடிச்சா எவனுக்குக் கேக்கு? போட்டுக்காரன் ஐஸ் கேட்டுப் போன் போட்டு, எடுக்கலைனா அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். எவனாவது வந்து சத்தத்தைக் குறைச்சுப் போட்டுருவான்னுதான் ஒட்டினேன்.”

இங்கே மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய செட்டுகளில் மணிக்கென்று நிஜமான மணி இருந்தது. அதை அடிக்க எக்ஸ்சேஞ்சிலிருந்து பேச்சுக்கு வருவதைவிட முரட்டு மின்சாரம் வரும். எங்கள் ஆட்களுக்கு வயரைப் பல்லால் கடித்து உரிக்கும் பழக்கம். எனக்கும் உண்டு. ஒரு தடவை கம்பத்தடியில் நின்று நான் வயரைக் கடித்த நேரம் பார்த்து, அந்த நம்பருக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். மணி என் கடைவாய்ப் பல்லில் அடித்தது. கடவுளே, அந்த உதறலை இப்போது நினைத்தாலும் தாடை கூசுகிறது. யார் போன் போட்டது என்று அன்று முழுக்க விசாரித்தேன். என் வீட்டுக்காரர்தான். சாயங்காலம் மீன் வாங்கணுமா என்று என்னிடம் கேட்க, நான் லைன் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கே கூப்பிட்டாராம்.

இப்போதைய செட்டுகளில் மணியே கிடையாது. பேச்சு வரும் அதே ஸ்பீக்கரில்தான் மணிச் சத்தமும் வரும். அண்ணாச்சி செட்டில் இரண்டுக்கும் ஒரே திருகு. மணி ஊருக்கே கேட்க வேண்டும் என்று அதைக் கூட்டினால் பேச்சும் கூடும். பேச்சு கூடினால் ஊளையிடும் பயம் கூடும். பயம் கூடக் கூட, சர்க்யூட் மறுவாசலை இறுக்கிச் சாத்தும்.

இதில் ஐஸ் உடைக்கும் மிஷின் வேறு. கம்ப்ரசர் மாதிரி ஒரே சீராக இரைகிற சத்தத்தைச் சர்க்யூட் சட்டை செய்யாது. பேச்சு இல்லை என்று தள்ளிவிடும். ஐஸ் உடைவது அப்படியா? விட்டு விட்டுக் கடகட. யாரோ பேசுகிறார்கள் என்று நம்பி, அதற்கும் வாசலைத் திறந்துவிடும். ஆக, அண்ணாச்சி மூச்சு வாங்கும் நேரத்தில்கூட மெர்லினுக்கு இடம் கிடைத்திருக்காது. மிஷின் பேசியிருக்கும்.

இத்தனையும் அவரிடம் பொறுமையாக விளக்கினேன். நான் பொறுமையாக எதையும் விளக்குவது அபூர்வம். அவர் பாதியிலேயே கையை வீசினார்.

“பொம்பளைய எல்லாம் கூடிக்கிட்டு எனக்குப் போன் பாடம் நடத்துதியளா? என் மவ சொன்னா எனக்குக் கேக்காதா?”

“கேக்காது அண்ணாச்சி. ஒங்க வாய் மூடாம யாரு சொன்னாலும் கேக்காது.”

இருந்தாலும் வேலையைச் செய்யச் சொல்லிவிட்டார். போட்டுக்காரர்கள் போன் தவறுவது அவருக்குப் பெரிய விஷயம். மகளுக்காக இல்லாவிட்டாலும் ஐஸுக்காக ஒத்துக்கொண்டார்.

குழாயும் திருகும்

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் ஏணியில் நின்றேன். மணிக்குத் தனியாக ஒரு குழாய் ஸ்பீக்கர், சுவருக்கு வெளியே. பேச்சுக்கு மட்டும் செட்டில் உள்ள ஸ்பீக்கர், அடக்கமான சத்தத்தில்.

கீழே இறங்கி, செட்டைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே குண்டூசித் தலை அளவில் ஒரு திருகு இருக்கும். வாசல் யார் பக்கம் சாய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். வருகிற பேச்சு அறுபடாமல் வருகிறதா என்று முதலில் பார்ப்பதற்காக, அதை வருகிற பக்கத்துக்கே முழுக்கச் சாய்த்துவைத்தேன். இப்போது எதிர்முனையில் இருப்பவர் வாய் திறந்தால் போதும், அண்ணாச்சியின் வாசல் சாத்திக்கொள்ளும். சோதனை முடிந்ததும் நடுவில் கொண்டுவந்துவிடலாம்.

“டெஸ்ட் பண்ண வெளியூர்ல இருந்து ஒரு போன் வேணும்” என்றேன், பிலோமி மதினியைப் பார்த்து.

மதினிக்குப் புரிந்துவிட்டது. தன் செல்போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம், சிக்னல் உள்ள இடத்துக்கு ஓடினார். நான் மிஷினை நிறுத்தச் சொன்னேன்.

சற்று நேரத்தில் குழாயில் மணி கிளம்பியது. அம்மாடி! கூரையில் இருந்த காக்கை ஒன்று பாக்கியில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் துள்ளி எழுந்து, “ஏலே, எந்த மில்லுல சங்கு ஊதுதான்?” என்று கத்தினார். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்திலேயே முழங்கையால் பட்டனை இடித்தார்.

மெர்லின் பேசினாள்

“அப்பா, அம்மா போன் போடச் சொன்னா. டெஸ்டிங்காம். டெஸ்டிங்குக்கே சொல்லுதேன். கேட்டாக் கேளுங்க, கேக்காட்டி விடுங்க. எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம். மூணு வாரமா இதையேதான் சொல்லுதேன்.”

குரல் ஓர் இடத்திலும் அறுபடாமல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது. அண்ணாச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்த மதினியைப் பார்த்தார்.

பிறகு வெடித்தார்.

“என்னளா சொல்லுத? யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? எங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நாளைக்குப் பேர் குடுக்கப் போறவன்கிட்ட இன்னைக்கு வந்து…”

மெர்லின் நிறுத்தவில்லை. அவளுக்கு இது எதுவும் போகவில்லையே.

“கப்பல்காரனைக் கட்டிக்கிட்டு, வருசத்துல ரெண்டு மாசம் புருசன் முகத்தைப் பாத்துக்கிட்டு, மிச்ச நாள் அவிய வீட்டுல காத்துக்கிடக்க என்னால முடியாதுப்பா. வேலையை விடணும்னு அவிய அம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ. இங்க ராத்திரி ஷிப்டுல மொத்தக் கிடங்கும் என் பொறுப்புல இருக்கு. எவ்வளவு கஷ்டப்பட்டு வந்த இடம் தெரியுமா?”

அண்ணாச்சி மேசையை அறைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் குரலைக் கேட்டு நடுக்கடலில் இருந்த போட்டே திரும்பியிருக்கும். கடைசியில் சொல்லக் கூடாததையும் சொன்னார்.

“நீ எனக்கு மவளே இல்ல, போ! செத்தாலும் என் மூஞ்சில முழிக்காத!”

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். லோடுமேன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர்மேல் எறிந்திருப்பேன்.

மெர்லின் பேசிக்கொண்டே இருந்தாள். ஆனால் குரல் மாறியிருந்தது. கோபம் இறங்கி, தடுமாற ஆரம்பித்திருந்தது.

“அப்பா… நீங்க கோவப்படுவிய, பாதியிலேயே வைவியன்னுதான் நெனைச்சேன். பொறந்ததுல இருந்து நான் ஒண்ணைப் பேசி முடிக்குத வரைக்கும் நீங்க கேட்டதே இல்ல. இன்னைக்குத்தான் ஒரு வார்த்தை குறுக்கப் பேசாம கேக்கிய. எனக்கு… எனக்கு இதுவே போதும்ப்பா. நீங்க யோசிச்சு என்ன சொன்னாலும் சரி. என்னையக் கேட்டியளே, அது போதும்.”

அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அந்த அழுகையும் அறுபடாமல் வந்தது.

அண்ணாச்சியின் கை இன்னும் மேலேயே இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. மெதுவாகக் கையை இறக்கி, பக்கத்தில் கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்தார். மிஷினும் இல்லாமல், அவர் சத்தமும் இல்லாமல், அந்த ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் இரைவது மட்டும் கேட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை, அன்று அழுதேன்.

அங்கே அழுகை ஓய்ந்தது. இங்கே வாசல் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. செட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ரிசீவரில் குசுகுசுக்கிறவனைப் போலவே சொன்னார்:

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பிள்ளா. அழாத. நாளைக்குக் கோயிலுக்குப் போவலை. அத்தைகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வேலையைப் பாரு.”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“தங்கச்சி, கடைசியில நான் ஒண்ணு சொன்னம்லா. அது அங்க கேட்டிருக்குமா?”

“ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது அண்ணாச்சி.”

“நெசமாவா?”

“நெசமா. அவ பேசிக்கிட்டு இருந்தா. ஒங்க வாசல் சாத்தியிருந்துச்சு.”

சோதனை முடிந்துவிட்டது. அந்தச் சின்னத் திருகை நடுவில் கொண்டுவரச் செட்டைக் கவிழ்த்தேன். அவருடைய ஈரக் கை சட்டென்று வந்து என் கையைப் பிடித்தது.

“அதைத் தொடாத தாயி. அப்படியே இருக்கட்டும்.”

நான் அடிமூடியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன்.